ஒரு கரண்டிக் கடல்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில், பண்ணைப் பாலத்தடியில் போத்தலும் கயிறுமாக நின்று கடல்தண்ணீர் அள்ளிய என்னைப் பார்த்து வழியால் போன ஐயா ஒருவர் “தம்பி, தீர்த்தமோ?” என்று கேட்ட கதையை எழுதியிருந்தேன். பௌதிகவியல் படித்த ஒருவன் கடல் நுண்ணங்கிகளோடு என்ன செய்கிறான் என்பதை அதில் வடிவாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நாலு பேர் ஒன்றையே கேட்டதைச் சேர்த்துவிட்டேன். என் கல்யாணம் பற்றி வந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துவிட்டேன்.

கொக்குவிலிலிருந்து ஓர் ஆசிரியை: பௌதிகவியல் படித்தவர்கள் அணு, நட்சத்திரம் என்று போவார்கள். நீங்கள் ஏன் பற்றீரியாவுக்கு வந்தீர்கள்? உயிரியல்காரர் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?

கடல்மேல் காதல் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய். குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவில் இறங்குமுன் இரண்டு தடவை சத்தி எடுக்கிற ஆள் நான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் விரிவுரையாளர் ஒருவர் மங்கிப்போன போட்டோக்கொப்பி ஒன்றைத் தந்தார். எட்வேர்ட் பேர்செல் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளரின் உரை, 1977இல் அச்சில் வந்தது. மனிசன் அணுக்கருவின் காந்தத் தன்மையை அளக்கும் வழியைக் கண்டு 1952இல் நோபல் பரிசைப் பங்குபோட்டு வாங்கியவர். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அதன் வேர் அங்கேதான். அப்படிப்பட்டவர் மேடையில் ஏறி, பற்றீரியா எப்படி நீந்துகிறது என்று கதைக்கிறார். நாங்கள் கேணியில் ஒருதரம் கையை வீசி அடித்துவிட்டுச் சும்மா கிடந்தால் உடம்பு கொஞ்சத் தூரம் வழுக்கிக்கொண்டு போகும். பற்றீரியாவுக்கு அது கிடையாது. அவ்வளவு சின்ன உடம்புக்குத் தண்ணீர் என்பது எங்களுக்குப் பனம்பாணி மாதிரி, இல்லை, அதைவிடவும் தடிப்பு. சவுக்குமுளை சுற்றுவதை நிறுத்தினால், அது முற்றாக நிற்பதற்குள் போகிற தூரம் ஓர் ஐதரசன் அணுவின் பருமனைவிடக் குறைவு. அணுவைவிட! அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன், நம்பாமல் நானே கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அன்றைக்கு விழுந்தவன்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உயிரியல்காரர் செய்யாத எதையும் நான் செய்வதில்லை, பாதி நாள் அவர்களிடம்தான் போய்க் கேட்டுப் படிக்கிறேன். கேட்கிற கேள்விதான் கொஞ்சம் வேறு. ஒரு துளியைக் கண்டால் அவர்கள் “இது யார்?” என்று தொடங்குவார்கள். எனக்கு முதலில் வருவது “எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள்?”

தூரம் என்பது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். கடல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்குக் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பற்றீரியா. சரியான நெரிசல் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு கன சென்ரிமீற்றரைப் பத்து இலட்சம் குட்டிப் பெட்டிகளாக வெட்டினால் ஒரு பெட்டியின் பக்கம் சென்ரிமீற்றரில் நூறில் ஒரு பங்கு வரும். பற்றீரியாவின் உடம்பு அந்தப் பக்கத்திலும் நூறில் ஒரு பங்குதான். ஆக, ஒவ்வொன்றும் தன் உடம்பைப்போல நூறு மடங்கு தள்ளி நிற்கிறது. மனிச அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஆளுக்கு ஆள் 150 மீற்றர் இடைவெளி, பக்கவாட்டில் மட்டுமில்லை, மேலேயும் கீழேயும்கூட. இது நல்லூர்த் திருவிழா இல்லை, வன்னிக் காடு. ‘கடல் நுண்ணங்கிச் சமுதாயம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் திறந்த கடலில் அவை பெரும்பாலும் தனிக்கட்டைகள் என்பதை இந்த நாலாம் வகுப்புக் கணக்குச் சொல்லித் தந்துவிடுகிறது. அப்படியென்றால் சமுதாயம் எங்கே கூடுகிறது? என் வேலை முழுக்க அந்தக் கேள்விதான்.

குருநகரிலிருந்து ஒரு தாய்: ஒரு கரண்டித் தண்ணியில் ஐம்பது இலட்சம் கிருமி என்றால் பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா?

விடுங்கள். கரண்டிக்கு ஐம்பது இலட்சம் பற்றீரியாவோடு அதைப்போலப் பத்து மடங்கு வைரசும் இருக்கிறது என்று சொன்னால் இன்னும் பயப்படுவீர்கள், ஆனால் அந்த வைரசுகளில் ஆகக் கூடுதலானவை பற்றீரியாவைக் கொல்ல வந்தவை, உங்கள் பிள்ளைகளை அவை திரும்பியும் பாரா. மேல்கடலில் உள்ள கலங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று ‘சார் 11’ என்ற ஒரே வகை. 1990இல் அத்திலாந்திக்கில் உள்ள சார்காசோக் கடல் தண்ணீரின் டி.என்.ஏ.யில் அதன் தடம் கிடைத்தது. ஆனால் ஆளைப் பிடித்து ஆய்வுகூடத்தில் வளர்க்க 2002 வரை பாடுபட வேண்டியிருந்தது, ஏனென்றால் கொழுத்த சாப்பாடு போட்ட தட்டில் அது வளராது. கடைசியில் கடல்நீரையே வடித்துச் சுத்தமாக்கி அதற்குள் வளர்த்தார்கள். பட்டினிக்குப் பழகிய சாமியார்.

நீங்கள் பயப்பட வேண்டியது கழிவுநீர் வந்து விழும் வாய்க்கால் முகங்களுக்கு, முக்கியமாகப் பெருமழைக்கு அடுத்த நாட்களில். காலில் திறந்த புண்ணோடு சூடான உவர்த்தண்ணீரில் இறங்கவும் வேண்டாம், விப்ரியோ என்ற பற்றீரியா வகையில் ஒன்றிரண்டு பொல்லாதவை இருக்கின்றன. மற்றப்படி ஒரு வாய் குடித்தாலும் உப்புத்தான் பிரச்சினை.

நான் முதன்முதல் பார்த்த இரவைச் சொல்ல வேண்டும். தண்ணீரை மிக நுண்ணிய வடியில் வடித்து, டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் சாயம் ஒரு துளி விட்டு, கால் மணித்தியாலம் இருட்டில் வைத்து, நீல ஒளி பாய்ச்சும் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன். கறுப்பு வானம், அதில் பச்சைப் புள்ளிகள், சில மொத்தமானவை, அவற்றுக்கு நடுவே தூசி தூவினதுபோல நூற்றுக்கணக்கான மங்கல் புள்ளிகள். மொத்தமானவை பற்றீரியா, தூசி வைரசு. சின்ன வயதில் மின்சாரம் இல்லாத காலத்தில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்து பார்த்த வானம் மாதிரியே இருந்தது. நட்சத்திரத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்ட ஆசிரியைக்கும் இது சேர்த்துத்தான்.

வட்டுக்கோட்டை, உயர்தர மாணவன்: பரவலால் சாப்பாடு தானாக வந்து சேரும்தானே சேர்? பிறகு ஏன் பற்றீரியா நீந்திக் கஷ்டப்படுகிறது?

தம்பி, நல்ல கேள்வி, பேர்செலும் இதையேதான் கேட்டார். தேத்தண்ணியில் சீனியைப் போட்டுக் கலக்காமல் விட்டால் ஒரு சென்ரிமீற்றர் மேலே வர, வெறும் பரவலால், அதாவது மூலக்கூறுகள் தாமாக அலைந்து பரவுவதால் மட்டும் என்றால், அரை நாளுக்கு மேல் எடுக்கும். தூரம் குறைந்தால் நேரம் வர்க்கமாகக் குறையும். ஒரு மைக்ரோமீற்றரைச் சீனி மூலக்கூறு மில்லிசெக்கனுக்குள் கடந்துவிடும், பக்கத்துப் பற்றீரியா நிற்கிற தூரத்துக்கு ஐந்து செக்கன் போதும். ஆகவே தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கலக்குவதால் பற்றீரியாவுக்கு ஒரு சல்லி இலாபமும் இல்லை, பரவல் அதைவிட வேகம். நீந்துவது எதற்கென்றால், சாப்பாடு கூடுதலாக உள்ள இடத்துக்குப் போவதற்கு. மாடு வாயை ஆட்டினால் புல்லு கிட்ட வராது, மாடுதான் அடுத்த காணிக்குப் போகவேண்டும். திறந்த கடலின் தனிக்கட்டைகளில் கனபேர், சார் 11 உட்பட, நீந்துவதே இல்லை. அவற்றுக்குப் போக அடுத்த காணி இல்லை.

காரைநகர், ஓய்வுபெற்ற தபாலதிபர்: நுண்ணங்கிச் ‘சமுதாயம்’ என்கிறீர்கள். சாதிசனம், கோயில், கோஷ்டி எல்லாம் உண்டோ?

கோயில் மட்டும் இல்லை ஐயா.

நம்மூரில் பார்க்கக்கூடிய சமுதாயம் என்றால் கள்ளு முட்டிதான். பாளையில் இருந்து வடிவது வெறும் இனிப்புத் தண்ணீர். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது காரமாகி யாரும் குடியேற முடியாது, கருப்பநீராகவே இருக்கும். பூசாவிட்டால் காற்றில், முட்டியில், பாளையில் இருந்தவர்கள் எல்லாம் இறங்குவார்கள். மதுவம் சீனியைத் தின்று மதுசாரம் ஆக்கும், கூடவே சில பற்றீரியா புளிப்பாக்கும். அந்த மதுசாரமும் புளிப்பும் வேறு பலருக்கு நஞ்சு, ஆனால் அசற்றிக் அமில பற்றீரியாவுக்கு அதுதான் சாப்பாடு, இரண்டு நாள் விட்டால் வினாகிரி. ஒருவர் கழித்தது அடுத்தவர் கறி. யாரும் யாரோடும் பேசித் திட்டம் போடவில்லை, ஆனால் முறை தவறாமல் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள்.

கடலில் அந்த முட்டி எது என்றால், உதாரணத்துக்கு ஒரு நண்டுக்கோது. நாங்கள் கூழ் குடித்துவிட்டு எறிவதை விடுங்கள், கடலில் இறாலும் நண்டும் குட்டிக் குட்டி மிதவைப் பிராணிகளும் கழற்றிப் போடுகிற கோது கொஞ்சநஞ்சமில்லை. அது கைற்றின், இலேசில் கரையாத சாமான். பாசித்துண்டு, கழிவு, கோது எல்லாம் ஒட்டிச் சிறு பஞ்சுகளாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், கடற்பனி என்பார்கள். காட்டில் தனியே நின்றவர்கள் கூடுவது இங்கேதான். அமெரிக்காவில் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஒட்டோ கோர்டெரோ குழுவினர் கைற்றின் பூசிய மணிகளைக் கடல்நீரில் போட்டு, யார் எப்போது வந்து ஏறுகிறார்கள் என்று பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். முதலில் ஏறுபவர்கள் ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள். பிறகு கைற்றினை நொதியத்தால் வெட்டுகிறவர்கள். வெட்டினால் சீனித்துண்டுகள் சிந்தும்தானே, கடைசியில் வெட்டவே தெரியாத, சிந்தினதைப் பொறுக்குகிறவர்கள் வந்து நிறைந்துவிடுகிறார்கள். உழைத்தவன் மெல்ல ஓரங்கட்டப்படுகிறான். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பல வாசகர்கள்: நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் பாதியைக் கடல்தான் தருகிறது என்பது உண்மையா?

அரைவாசி உண்மை. உலகத்தில் நடக்கும் ஒளித்தொகுப்பில் கிட்டத்தட்டப் பாதி கடலில் நடக்கிறது, அது சரி. ஆனால் அங்கே உண்டாகும் ஒட்சிசனைக் கடலில் உள்ள மற்ற உயிர்களே, முக்கியமாக நான் மேலே சொன்ன பற்றீரியாக்களே, ஏறக்குறைய முழுவதையும் திரும்பச் சுவாசித்து முடித்துவிடுகின்றன. காட்டுக்கும் இதே கதைதான். வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசன் கோடிக்கணக்கான வருடங்களாகச் சிறுகச் சிறுக மிஞ்சிய சேமிப்பு, நேற்றைய உழைப்பு இல்லை. ஆகவே “இரண்டில் ஒரு மூச்சு கடலின் கொடை” என்று பாடசாலைச் சுவரில் எழுதாதீர்கள்.

ஆனால் அந்தப் பாதிக்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1980களின் நடுவில் சாலி சிசம், றொபேர்ட் ஒல்சன் என்ற கடல் ஆய்வாளர்கள் இருவரும் இரத்தக் கலங்களை எண்ணுவதற்கு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் லேசர்க் கருவி ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஒரு கலம் ஒரு கலமாக லேசருக்கு முன்னால் ஓடும், பச்சையம் இருந்தால் சிவப்பாக மினுங்கும். திரையின் ஒரு மூலையில் மிகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. கருவியின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஆழத்துக்கு ஆழம் அந்த இரைச்சல் ஒழுங்காக மாறியது, கருவிக்கு ஆழம் தெரியாதே. அதுதான் புறோகுளோரோகொக்கஸ், 1988இல் அறிவித்தார்கள். குறுக்களவு ஒரு மைக்ரோமீற்றரில் பாதியைவிடச் சற்றுக் கூட. கடல் முழுக்க 3 போட்டு 27 பூச்சியம் போடுகிற தொகை என்று மதிப்பிடுகிறார்கள், உலகத்திலேயே எண்ணிக்கையில் ஆகக் கூடிய ஒளித்தொகுப்பு உயிர். 1980களின் நடுவரை அது யாரென்று ஒரு குருவிக்கும் தெரியவில்லை.

உரும்பிராய் வாசகர்: ஒரு துளியில் இத்தனை இனங்கள் என்றால், கெட்டிக்காரன் ஒருவன் மற்ற எல்லோரையும் விழுத்திவிடாமல் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் எனக்கு ஆகப் பிடித்த கேள்வி. 1961இல் ஹச்சின்சன் என்ற சூழலியலாளர் இதைப் ‘பிளாங்ரன் புதிர்’ என்று பேர் வைத்துக் கேட்டார். வெளிச்சம், நைதரசன், பொசுபரசு, இரும்பு என்று சண்டைபிடிக்க நாலைந்து சாமான்தான் இருக்கின்றன, ஆனால் மிதக்கும் பாசியினங்கள் ஏராளம், கணக்குப்படி நாலைந்து பேர்தான் மிஞ்சவேண்டும். அவர் தந்த விடையில் ஒன்று, கடல் ஒருபோதும் ஓய்வதில்லை என்பது. ஒருவன் வெல்லப் போகிற நேரத்தில் காற்று மாறிவிடும், சோழகம் போய் வாடை வந்துவிடும், ஆட்டம் திரும்ப முதலில் இருந்து. பிறகு மற்றவர்கள் தந்த இன்னொரு விடை வைரசு. யாராவது ஓர் இனம் பெருகித் தலையெடுத்தால் அந்த இனத்தைத் தின்னும் வைரசுக்குக் கொண்டாட்டம், உடனே தலையில் குட்டு. ஊரில் புதுசாக மாடிவீடு கட்டினவனுக்கு வரும் கண்ணூறு மாதிரி.

பௌதிகக்காரர் வாயை வைப்பது இதற்குப் பிறகு. றொபேர்ட் மே, அவுஸ்திரேலியர், கலாநிதிப் பட்டம் பௌதிகவியலில், 1972இல் மிகச் சின்னக் கட்டுரை ஒன்றில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இனங்கள் கூடக் கூட, அவற்றுக்கிடையிலான இழுபறி இறுக இறுக, ஓர் எல்லை வரும், அதைத் தாண்டினால் கூட்டம் குலையும் என்பதுதான் சாரம். அதுவரை “கனபேர் இருந்தால் பலம்” என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். யார் யார் என்று ஒரு பெயரும் தெரியாமல், எண்ணிக்கையும் இறுக்கமும் மட்டும் வைத்துச் சொல்லிவிட்டார் என்பதில்தான் எனக்கு மயக்கம். ஒரு கோப்பைத் தண்ணீர் எப்போது ஐஸாகும் என்று சொல்ல ஒவ்வொரு மூலக்கூறின் சாதகமும் தேவையில்லையே.

அதை உண்மையான பற்றீரியாவில் சோதிக்க ஐம்பது வருடம் எடுத்தது. எம்.ஐ.ரி.யில் ஜெவ் கோர் என்ற பௌதிகவியலாளரின் குழு 2022இல் பிளாஸ்ரிக் தட்டின் சின்னக் குழிகளில் இனங்களைக் கூட்டிக் குறைத்து, ஊட்டத்தை மாற்றி இழுபறியையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தது. மூன்று நிலை வந்தது. கொஞ்சப் பேர், இழுபறி குறைவு என்றால் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். கூட்டினால் சிலர் அழிந்து மிச்சப் பேர் அமைதியாவார்கள். இன்னும் கூட்டினால் அமைதியே இல்லை, ஒருவர் ஏற ஒருவர் இறங்க என்று ஓயாத தளம்பல். விசித்திரம் என்னவென்றால், தளம்பிக்கொண்டிருந்த கூட்டங்களில்தான் இனங்களும் கூடுதலாகத் தங்கியிருந்தன. பனிக்கட்டி, தண்ணீர், ஆவி மாதிரி மூன்று நிலை.

அதே குழு 2017இல் எட்டு மண் பற்றீரியாக்களைச் சோடி சோடியாக விட்டு யார் யாரோடு ஒத்துப்போகிறார் என்று பார்த்து, மூன்று பேரை ஒன்றாக விட்டால் யார் மிஞ்சுவார் என்பதைக் கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகச் சொன்னது. வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தக் குழிகளில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு, நல்ல நெரிசல். என் 150 மீற்றர் காட்டில் அந்தச் சட்டங்கள் எவ்வளவுக்குச் செல்லும் என்பதுதான் எனக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள வழக்கு, அவர்களுக்கு இந்த வழக்கு நடப்பதே தெரியாது.

சாவகச்சேரி வாசகி: ஆராய்ச்சியில் தோற்ற அனுபவம் உண்டா? மறைக்காமல் சொல்லவும்.

உண்டு. வெளிநாட்டில் இருந்த காலம். 96 குழி உள்ள பிளாஸ்ரிக் தட்டு, குழிக்கு ஐந்து கடல் பற்றீரியா இனம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழியில் இருந்தும் ஒரு துளி எடுத்துப் புதிய ஊட்டத்துக்கு மாற்ற வேண்டும், ஞாயிறும் உண்டு, பொங்கலும் உண்டு, நல்லூர்த் தேரை ஆறு வருடம் போனில்தான் பார்த்தேன். நாலு மாதம் கழித்து எண்களை எல்லாம் வரைபில் போட்டால், அலை! ஒரு பற்றீரியா ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது, கையால் கீறினதுபோல ஒழுங்கு. இரவு நித்திரை இல்லை. தானாகவே தளம்பும் சமுதாயம், என் கையில். அம்மாவுக்குக்கூட எடுத்துச் சொன்னேன், அவ “சாப்பிட்டியோ?” என்று கேட்டா.

மேற்பார்வையாளர் வரைபைப் பார்த்தார். ஒரே கேள்வி: “சனிக்கிழமை என்ன நடக்கிறது?” அப்போதுதான் பார்த்தேன், அலையின் காலம் ஏழு நாள். சரியாக ஏழு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் வற்றுப்பெருக்குக்கும் தெரியாத கணக்கு அது, ஏழு நாள் தெரிந்த ஒரே பிராணி மனிதன். சனி ஞாயிறில் காசை மிச்சம்பிடிக்க அந்தக் கட்டடத்தில் ஏ.சி.யைக் குறைத்துவிடுவார்கள், அடைகாப்புப் பெட்டியில் இடமில்லை என்று தட்டுகளை மேசையில் வைத்திருந்தவன் நான். அறை சூடாகும், ஆள் ஏறும், திங்கள் குளிரும், இறங்கும். நாலு மாத வேலை, நான் அளந்தது ஏ.சி.யை.

உண்மையான தோல்வி அதற்குப் பிறகுதான். வெட்கத்தில் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டேன். 2020இல் மேலே சொன்ன அதே கோர் குழு, வெப்பநிலை கூடினால் கூட்டத்தில் மெதுவாக வளரும் இனங்களுக்கு வாய்ப்புக் கூடும் என்று சோதனையும் கணக்குமாகக் காட்டிக் கட்டுரை போட்டது. சனிக்கிழமைகளில் ஏறிய என் ஆள் யார் தெரியுமா? ஐந்து பேரில் ஆக மந்தமானவன். அந்தக் கட்டுரையை நான் இன்னும் முழுதாக வாசித்து முடிக்கவில்லை.

வல்வெட்டித்துறை வாசகர்: சில இரவுகளில் துடுப்புப் போட்டால் தண்ணீர் நீலமாக மினுங்குகிறது. அம்மம்மா கொள்ளிவால் பிசாசு என்பா.

பெரும்பாலும் நொக்ரிலூக்கா. ஒற்றைக் கலம்தான், ஆனால் பற்றீரியாவோடு பார்த்தால் பூதம், ஒரு மில்லிமீற்றர் வரை வளரும், உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். தண்ணீர் அசைந்தால் உடம்புக்குள் ஒரு இரசாயனத் தாக்கம் நடந்து பளிச்சென்று ஒளி. வெப்பக் கடல்களில் உள்ள பச்சை வகையின் உடம்புக்குள் உயிரோடு பச்சைப் பாசிகள் நீந்திக்கொண்டிருக்கும், அதாவது ஒரு கலத்துக்குள்ளேயே ஒரு குடியிருப்பு. அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், அமோனியா கூடும், மீன் சாகும். 2019இல் மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது இதனால்தான். உங்கள் துடுப்பில் மினுங்குவதற்குப் பயமில்லை, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: மகள் கணிதப் பிரிவா உயிரியலா என்று குழம்புகிறாள். உங்கள் துறைக்கு எது நல்லது? வேலை கிடைக்குமா?

அக்கா, பிள்ளைக்கு எது பிடிக்குதோ அதை எடுக்க விடுங்கள், இரண்டு பக்கத்தில் இருந்தும் இந்த ஆராய்ச்சிக்கு வரலாம். கணிதத்தை வயது போய்ப் படிப்பது கரைச்சல், உயிரியலை வயது போயும் படிக்கலாம் என்பது என் அனுபவம், உயிரியல் நண்பர்கள் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள். எதை எடுத்தாலும் புள்ளிவிபரவியலும் கணினியில் நிரல் எழுதுவதும் கட்டாயம் வேண்டும். வேலை என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த நாட்டில் கதிரைகள் மிகக் குறைவு, வெளியே போனாலும் முப்பத்தைந்து வயது மட்டும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் துறை இருக்கிறது, அங்கே போய் ஒருதரம் கதைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்லூர் வாசகர்: பிளாஸ்ரிக்கைப் பற்றீரியா தின்னுமாமே, பிறகென்ன கவலை?

2016இல் ஜப்பானியர் ஒரு பற்றீரியாவைக் கண்டுபிடித்தார்கள், சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக்கை அது தின்னும், ஆனால் மெல்லிய படலத்துக்கே கிழமைக்கணக்கு. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து கரைக்கு வந்த குறுணிகளில் பெரும்பகுதி வேறு வகைப் பிளாஸ்ரிக். அதன்மேல் பற்றீரியா ஏறிக் குடியிருக்கும், நண்டுக்கோது மாதிரித்தான், ஆனால் வீட்டைத் தின்னாது. கவலைப்படுங்கள்.

பாசையூர் அண்ணை ஒருவர், நேரில்: “உந்தக் கணக்கெல்லாம் போட்டு மீன் எங்க நிக்குதெண்டு சொல்லுவியோ தம்பி?”

என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவர் இவர்தான், அதனால் மழுப்பவும் ஏலாது. இல்லை அண்ணை, சொல்ல மாட்டேன். காற்றுக் கலக்கினால் அடியில் கிடக்கும் உரம் மேலே வரும், பாசி பிடிக்கும், பாசியைத் தின்ன வருபவை வரும், அவற்றைத் தின்ன மீன் வரும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார், கையில் கொஞ்சம் அள்ளி மணந்தார், எஞ்சினைத் திருப்பினார். அன்றைக்கு நல்ல மீன். எனக்கு இரண்டு விளைமீனும் பத்துப் போத்தல் தண்ணீரும்.

அரியாலை, ஏழாம் வகுப்பு மாணவி: நுணுக்குக்காட்டி இல்லாமல் பற்றீரியாச் சமுதாயத்தைப் பார்க்கலாமா மாமா?

பார்க்கலாம் மகள். 1880களில் வினோகிராட்ஸ்கி என்ற உருசியர் செய்த வேலை இது. நிறமில்லாத பெரிய சோடாப் போத்தல் ஒன்றின் கழுத்தை அப்பாவைக் கொண்டு வெட்டுவி. கடலேரிக் கரையில், கண்டல் மரத்தடியில் கிடைக்கும் கறுத்த சேறு ஒரு வாளி எடு. பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போடு, ஒரு பச்சை முட்டையின் மஞ்சட்கருவை விடு, கோதையும் நொறுக்கிப் போடு, நன்றாகக் குழைத்து முக்கால்வாசிக்கு நிரப்பு. மேலே அதே கடலேரித் தண்ணீர் நாலு விரல், அதற்கு மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம். மெல்லிய பொலித்தீனால் மூடி, இறப்பர் வளையம் போட்டு, வெளிச்சம் வரும் யன்னலில் வை. நேரடி வெயில் வேண்டாம்.

இரண்டு கிழமையில் அடி கறுக்கும், அது இரும்புச் சல்பைட்டு. ஒன்றரை, இரண்டு மாதத்தில் மேலே பச்சைப் படலம், அதற்குக் கீழே ஊதாத் திட்டுகள், இன்னும் கீழே வேறொரு பச்சை என்று வரத் தொடங்கும். மேலே இருப்பவர்களுக்கு ஒட்சிசன் வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு அது நஞ்சு, ஆளுக்கு ஆள் தனக்கு ஏற்ற ஆழத்தில் வீடு பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு நிறத்தின் உயரத்தையும் கொப்பியில் எழுது. போத்தலைக் குசினியில் மட்டும் வைத்துவிடாதே, பொலித்தீனைத் திறந்தால் கூழ்முட்டை மணக்கும், அம்மா என்னைத்தான் ஏசுவா.